மாமியாரின் மணிக்கட்டு, நாத்தனாரின் 51 வயது

வாசகர் கேள்வி: டாக்டர், நான் தென் கொரியாவில் ஜொன்ஜூ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கணவர் கொரியர். மாமியாருக்கு 70 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அங்கே எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.9, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.4. எலும்புப்புரை என்று சொல்லி மருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஊர்க் கிழவிகள் எல்லோருக்கும் இதுதான், மாட்டெலும்பு சூப் குடித்தால் போதும்" என்கிறார். அந்த மருந்தால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2010இல் தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர், தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். நாத்தனாருக்கு 51 வயது, 160 செ.மீ. உயரம், 47 கிலோ. போன வருடம் மாதவிலக்கு நின்றுவிட்டது. கொரியப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு பேருக்கு இது வருகிறது? பரம்பரையா, சாப்பாடா? எனக்கு 36 வயது. நானும் பயப்பட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாருக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டும். கை சரியாகட்டும், குளிர்காலக் கிம்ச்சி (முட்டைக்கோசு ஊறுகாய்) போட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கு நல்ல எலும்பு முறியாது. முறிந்தது என்றால் அதன் பலம் போய்விட்டது என்று அர்த்தம், ஸ்கேனும் அதையே சொல்கிறது. டி-ஸ்கோர் என்பது எலும்பின் அடர்த்தி இளவயதினரின் அடர்த்தியைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் எண். இப்படி ஒரு முறை முறிந்தவருக்கு இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. அதிலும் முதல் இரண்டு வருடங்கள்தான் மிக மோசம். மணிக்கட்டு சில வாரங்களில் கூடிவிடும். அடுத்து முறிவது இடுப்பாக இருந்தால் நிலைமை வேறு. கொரியாவில் இடுப்பு எலும்பு முறிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். மிஞ்சியவர்களிலும் பலர் பழையபடி யார் துணையும் இல்லாமல் நடமாடுவதில்லை. இந்த இரண்டு வருடத்தை மருந்தோடு கடப்பதா, மருந்தில்லாமல் கடப்பதா என்பதுதான் அத்தை முன் இருக்கும் கேள்வி.

"எல்லோருக்கும் இதுதான்" என்று அவர் சொல்வதில் பாதி உண்மை. கொரிய அரசின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2008 முதல் 2011 வரை எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் 37 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை, அதாவது டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே. அதே வயது ஆண்களில் இது 7.5 சதவீதம்தான். பெண்களை வயதுவாரியாகப் பிரித்தால் ஐம்பதுகளில் 15, அறுபதுகளில் 37, எழுபதைத் தாண்டினால் 68 சதவீதம். இதில் சேராதவர்களிலும் பெரும்பாலோர் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார்கள். ஆக, அத்தையின் தோழிகளில் பெரும்பாலோருக்கும் இது இருக்கும்தான். ஆனால் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது என்பதற்காக அது நோய் இல்லை என்று ஆகிவிடுமா? அந்த வயதில் ரத்தக்கொதிப்பும் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. அதற்கு மாத்திரை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே. ரத்தக்கொதிப்பு போலவே இதுவும் வலிக்காது. முறியும் வரை எந்த அறிகுறியும் காட்டாது. அத்தைக்கு முழங்கால் வலி இருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் உண்டு. தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தால் மகளுக்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் ஒரு தேசத்துப் பெண்களின் எலும்பே சோடை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெக்ஸா எனப்படும் இந்த எலும்பு ஸ்கேன் எலும்பைத் தட்டையான படமாகத்தான் பார்க்கிறது. அதனால் சிறிய உடல்வாகு உள்ளவர்களின் எலும்பு உள்ளதைவிடக் கொஞ்சம் அடர்த்தி குறைவாகவே தெரியும். இடுப்பு முறிவு விகிதத்தை எடுத்துக்கொண்டால் நார்வே, ஸ்வீடன் பெண்கள்தான் உலகில் முன்னணியில் இருக்கிறார்கள், கொரியர்கள் அல்ல. ஆகவே பரம்பரையைவிட, இந்தத் தலைமுறைப் பெண்கள் எப்படி வளர்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

1953இல் கொரியப் போர் ஓய்ந்தபோது நாடு தரைமட்டமாகக் கிடந்தது. உங்கள் அத்தை பிறந்தது அதற்கடுத்த சில வருடங்களில். பழைய நெல் தீர்ந்து, புது பார்லி அறுவடைக்கு வரும்வரை ஒவ்வொரு வசந்தத்திலும் கிராமங்கள் அரைப் பட்டினி கிடந்த காலம் அது. எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டுவது இருபதுகளின் முடிவுக்குள். அந்தப் பருவத்தில் உடம்புக்குக் கிடைக்காததை எழுபது வயதில் முழுசாக ஈடுகட்ட முடியாது. கொரியாவில் செய்த ஆய்வுகளில் குறைந்த படிப்பும் குறைந்த வருமானமும் உள்ள பெண்களுக்கு எலும்புப்புரை கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது. பள்ளிக்கூடம் எலும்பை வளர்ப்பதில்லை. ஆனால் பள்ளிக்கு அனுப்ப முடியாத வீட்டில் பெண் குழந்தையின் தட்டில் என்ன இருந்திருக்கும்? கிராமத்தில் முதுகு வளைந்து, குழந்தைத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே நடக்கும் பாட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்கு முதுகெலும்பு ஒன்றோ இரண்டோ சத்தமில்லாமல் நசுங்கியிருக்கும். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலேயே போகின்றன. அத்தையின் இளவயது உயரத்தைவிட இப்போது நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் முதுகெலும்புக்கு ஒரு எக்ஸ்ரே கட்டாயம் எடுக்க வேண்டும்.

அப்புறம் மாதவிலக்கு நிற்பது. எலும்பில் பழையதை இடிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கின்றன. இடிக்கும் ஆட்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். கொரியப் பெண்களுக்கு ஏறக்குறைய ஐம்பது வயதில் அது விடைபெறுகிறது. அடுத்த ஐந்தாறு வருடங்களில் மட்டுமே சிலருக்கு எலும்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும். ஆணுக்கு இப்படி ஒரு செங்குத்துச் சரிவு கிடையாது. 37க்கும் 7.5க்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பிள்ளை பெற்றுத் தாய்ப்பால் கொடுத்ததால்தான் எலும்பு போயிற்று என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சமயத்தில் குறைவது உண்மை, ஆனால் பால் நிறுத்தியபின் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், தைராய்டு ஆபரேஷன் பற்றி. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். கொரியாவில் வழக்கமான உடல் பரிசோதனையோடு கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கும் பழக்கம் பரவியதில் 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. பெரும்பாலானவை தொந்தரவே தராத சிறு கட்டிகள். இறப்பு விகிதம் கூடவே இல்லை. ஆனால் ஏராளமான நடுவயதுப் பெண்களுக்குத் தைராய்டை எடுத்துவிட்டார்கள். 2014இல் மருத்துவர்களே பகிரங்கமாகக் குரல் எழுப்பிய பிறகுதான் அது குறைந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கட்டி திரும்ப வராமல் இருக்கத் தைராய்டு மாத்திரையைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே கொடுத்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை அழுத்தி வைப்பார்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அப்படி வருடக்கணக்கில் கொடுத்தால் எலும்பு வேகமாகக் கரையும். கட்டி திரும்ப வரும் ஆபத்து குறைவு என்றால் இப்போது அந்த அளவை அவ்வளவு அழுத்தி வைப்பதில்லை. எனவே அத்தையின் கடைசி டி.எஸ்.எச். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த பிரிவுக்குப் போய், "எலும்புப்புரை வந்து கையும் முறிந்துவிட்டது, இன்னும் இதே அளவு மாத்திரை வேண்டுமா?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

இதேபோல இன்னும் சில உண்டு. வயிற்றுப் புற்றுநோய் அங்கே அதிகம். அதற்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்குக் கால்சியம் சரியாக உள்ளே சேராது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் மாத்திரை, மூட்டு வாதத்துக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்த ஆபரேஷன், இவை எல்லாமே எலும்பைத் தின்னும். அத்தையின் தோழிகளில் யாருக்காவது இருந்தால் அவர்களையும் ஸ்கேனுக்கு அனுப்பி வையுங்கள்.

சரி, சாப்பாடு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளைக்கு 800 மில்லிகிராம் கால்சியம் என்பது கொரியப் பரிந்துரை. மக்களுக்குக் கிடைப்பதோ சராசரியாக 500ஐ ஒட்டித்தான். பால் அங்கே பரம்பரைச் சாப்பாடு இல்லை, பெரியவர்களில் பலருக்குப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. இன்னொரு பக்கம் உப்பு. சூப், கிம்ச்சி, சோயா விழுது எல்லாம் சேர்ந்து நாளைக்கு 3,000 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகிறது; 2010 வாக்கில் இது 4,800ஐ நெருங்கியிருந்தது. அதிகப்படியான சோடியம் சிறுநீரில் வெளியேறும்போது கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

மாட்டெலும்பு சூப்பில் எலும்பின் சத்தெல்லாம் இறங்கிவிடுகிறது என்பது அத்தையின் நம்பிக்கை. மணிக்கணக்கில் கொதித்துப் பால் போல வெளுத்து வருவது பெரும்பாலும் கொழுப்பும் புரதமும்தான், கால்சியம் சொற்பம். உப்பைக் குறைத்துப் போட்டு ஆசைக்குக் குடிக்கட்டும், மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். எலும்புக்கு நல்லது என்று குசும்பா விதைப் பொடியும் அங்கே விற்கிறார்கள். அதை நம்பியும் சிகிச்சையை விடக் கூடாது. உண்மையில் கால்சியம் தருவது அவர் சமையலறையிலேயே இருக்கிறது. தினமும் தொட்டுக்கொள்ள வைக்கும் நெத்திலிக் கருவாட்டு வறுவல் ஒரு சின்னக் கைப்பிடியில் ஒரு 200 மில்லி பால் பாக்கெட்டுக்கு நெருக்கமாகக் கால்சியம் தரும். முள்ளோடு சாப்பிடுவதுதான் காரணம். ஆனால் கருவாட்டில் உப்பும் உண்டு என்பதால் வறுப்பதற்கு முன் தண்ணீரில் அலசிவிடுங்கள். டோஃபு, கடற்பாசி சூப், முள்ளங்கிக் கீரை எல்லாம் சேரட்டும். சூப்பில் கீரையையும் டோஃபுவையும் சாப்பிட்டுவிட்டு உப்புத் தண்ணீரைக் கிண்ணத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரை கொடுத்தால் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஏறாது.

வைட்டமின் டி நிலவரம் இதைவிட மோசம். 2008 கணக்கெடுப்பில் கொரியப் பெண்களில் 64.5 சதவீதம் பேருக்கு அது ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே. வயதானவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்களுக்குத்தான் குறைவு அதிகம். பகலெல்லாம் கட்டடத்துக்குள் இருப்பதும், வெளியே போனால் முகம் மறைக்கும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனுமாகப் போவதும் காரணங்கள். அத்தைக்கு ரத்தத்தில் அளவு பார்த்து, குறைவாக இருந்தால் மருந்தாகவே கொடுக்க வேண்டும்.

இப்போது அந்தத் தாடை பயம். அது கட்டுக்கதை இல்லை, அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. ஆனால் எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பெரும்பாலும் பல் பிடுங்கியபின் அல்லது இம்ப்ளான்ட் வைத்தபின் வருவது. கொரியாவில் 65 வயதுக்கு மேல் இரண்டு பல் இம்ப்ளான்ட்டுகளுக்குத் தேசியக் காப்பீடு பணம் கொடுப்பதால் பெரியவர்கள் பலர் செய்துகொள்கிறார்கள். அத்தைக்கு அப்படி ஏதாவது உத்தேசம் இருக்கிறதா என்று கேளுங்கள். உடனே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறியதும் மருந்தைத் தொடங்கலாம். பல்லில் கோளாறு இல்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம். இடுப்பு முறிந்தால் ஒரு வருடத்துக்குள் ஆறில் ஒருவர் இறப்பதையும், மருந்தால் தாடைக் கோளாறு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.

எந்த மருந்து என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பதில் பார்லித் தேநீர்தான் குடிப்பார்கள் என்றால் அது கூடாது, வெறும் தண்ணீர்தான். அத்தை ஏற்கெனவே காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டையும் நேரம் பிரித்துச் சமாளிப்பது அவருக்குச் சிரமம். அதனால் ஊசி பொருத்தமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வருடம் ஒரு முறை போடுவது ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் இன்னொன்று. டெனோசுமாப் என்றால் ஒரு விஷயத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தேதி தவறக் கூடாது, நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். சும்மா விட்டுவிட்டால் எலும்பு சடசடவென்று இறங்கி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்தவர்கள் உண்டு. முதல் வகை மருந்துகளை, அதாவது வார மாத்திரையையும் வருட ஊசியையும், மூன்று முதல் ஐந்து வருடத்தில் மறுபரிசீலனை செய்து சிலருக்கு இடைவெளி விடுவார்கள். ஆசியப் பெண்களுக்கு நீண்ட நாள் உபயோகத்தில் தொடை எலும்பு வேறு விதமாக முறிவது சற்றுக் கூடுதல் என்பதால் இந்த மறுபரிசீலனை முக்கியம். மருந்து சாப்பிடும் காலத்தில் தொடையிலோ கவட்டையிலோ இனம் தெரியாத வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

காசு பற்றிக் கவலை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்பதால் தேசியக் காப்பீட்டில் மருந்து கிடைக்கும். முன்பெல்லாம் சிகிச்சையில் எலும்பு தேறி மைனஸ் 2.5ஐத் தாண்டியதும் காப்பீடு நின்றுவிடும், பலர் அத்தோடு மருந்தை விட்டுவிடுவார்கள். 2024 மே முதல் மைனஸ் 2.0 வரை தேறியவர்களுக்கும் மேலும் இரண்டு வருடம் தொடர்கிறது. இன்னொன்று. 66 வயதில் அத்தைக்கு இலவச எலும்பு ஸ்கேனுக்கு அழைப்பு வந்திருக்கும். எடுத்திருந்தால் முடிவு காப்பீட்டு நிறுவனத்தின் ஆப்பில் இருக்கும். நாலு வருடத்தில் எவ்வளவு இறங்கியது என்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறை. கொரியக் குளியலறையில் முழுத் தரையும் நனைந்துதான் கிடக்கும், போதாததற்கு ரப்பர் செருப்பு. அடி வழுக்காத பாய் ஒன்று, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. தரையில் படுத்து எழுந்திருப்பதைவிட உயரம் குறைந்த கட்டில் நல்லது. வாசற்படியில் இரவு விளக்கு ஒன்று இருக்கட்டும். பனி உறைந்த நாளில் வெளியே போக வேண்டாம். கை கூடியதும் தினமும் நடை, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சி. ஊர் முதியோர் கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பு நடந்தால் தோழிகளோடு அங்கேயே செய்யலாம், தனியாகச் செய்வதைவிட விடாமல் செய்வார். முதுகை முன்னால் வளைத்துப் பாரம் தூக்குவது மட்டும் வேண்டாம். நவம்பரில் கிம்ச்சிக்கான முட்டைக்கோசுக் கூடைகளை உங்கள் கணவர் தூக்கட்டும்.

நாத்தனார் விஷயத்தில்தான் எனக்கு அதிக நம்பிக்கை, அதிக அவசரமும். அவர் இப்போதுதான் அந்தச் செங்குத்துச் சரிவின் தொடக்கத்தில் நிற்கிறார். ஒல்லி உடம்பு, தாய்க்கு முறிவு, மாதவிலக்கு நின்றது என்று மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இலவச ஸ்கேன் 54 வயதில் வருகிறதே என்று காத்திருக்க வேண்டாம். மாதவிலக்கு நின்று, இப்படி ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு 65க்கு முன்பே காப்பீட்டில் ஸ்கேன் எடுக்க இடமுண்டு. 47 கிலோவை இன்னும் குறைக்கப் பார்க்கிறாரா என்று பக்குவமாக விசாரியுங்கள். அங்கே நடுவயதுப் பெண்களுக்கும் ஒல்லியாக இருக்கும் நெருக்கடி பலமாக இருக்கிறது. எடை குறைந்த உடம்பில் எலும்புக்கு வேலையும் குறைவு, ஈஸ்ட்ரோஜனும் குறைவு. மூன்று நான்கு கிலோ ஏறினால் நல்லது. அதற்கு மீன், முட்டை, டோஃபு, கூடவே பளு தூக்கும் பயிற்சி. உடல் சூடேறுவது, தூக்கமின்மை என்று தொந்தரவு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம். 2002இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானபின் உலகமே அதற்குப் பயந்தது. ஆனால் மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள், மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ இல்லாத பெண்ணுக்கு அதில் நன்மையே அதிகம், எலும்பையும் அது காப்பாற்றும். சிகரெட் பிடித்தாலோ வாரத்தில் பல நாள் சோஜு என்ற கொரிய மது குடித்தாலோ அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி. 36 வயதில் உங்களுக்கு ஸ்கேன் தேவையில்லை. ஆனால் வைட்டமின் டி கட்டாயம் பாருங்கள். நம் மாநிறத் தோல் அதே வெயிலில் வெள்ளைத் தோலைவிடக் குறைவாகத்தான் வைட்டமின் தயாரிக்கும். தமிழ்நாட்டு வெயிலிலேயே பலருக்குக் குறைவு, ஜொன்ஜூவின் குளிர்கால வெயிலில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. தயிர் சாப்பிடும் பழக்கத்தை அங்கே போய் விட்டிருந்தால் மறுபடி ஆரம்பியுங்கள். அத்தையின் டி.எஸ்.எச். அளவும், எந்த மருந்து கொடுத்தார்கள் என்பதும் தெரிந்ததும் எழுதுங்கள்.